ஸாவ் வூ-கி: எது கிழக்கு, எது மேற்கு?

ஒரு வாசகரின் கேள்வி, மார்ச் 2

ஸாவ் வூ-கி பற்றி எங்கே படித்தாலும் 'கிழக்கும் மேற்கும் சங்கமிக்கும் ஓவியர்' என்கிறார்கள். எனக்குத் தெரிவது பாரிஸ் பாணி அரூப ஓவியம்தான். அவர் பெயர் பிரெஞ்சுப் பெயராக இருந்திருந்தால் இந்தச் சங்கமப் பேச்சே எழுந்திருக்காது. ஏதாவது ஒரு படத்தை எடுத்து, இது கிழக்கு, இது மேற்கு என்று யாராவது விரல் வைத்துக் காட்ட முடியுமா?

மார்ச் 2, இரவு

முடியும். கையெழுத்தில். படத்தின் மூலையில் 'வூ-கி' என்பதைச் சீன எழுத்திலும், குடும்பப் பெயரான 'ஸாவ்' என்பதை ரோமன் எழுத்திலும் போடுவார்.

மற்றபடி நான் உங்கள் கட்சி. 'சங்கமம்' என்று யாராவது சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கண்காட்சிக் கையேடு எழுதுபவருக்கு வேறு வார்த்தை அகப்படாதபோது வருகிற வார்த்தை அது.

மார்ச் 3

காலையில் யோசித்தபோது நேற்றைய பதில் குறும்பாகத் தெரிந்தது. கொஞ்சம் ஒழுங்காகச் சொல்கிறேன்.

பிறந்தது பெய்ஜிங், 1920. அப்பா வங்கிக்காரர். தாத்தாவிடம் தூரிகை எழுத்து பழகியிருக்கிறார். பதினைந்து வயதில் ஹாங்சோ கலைக் கல்லூரி. அதை 1928இல் தொடங்கியவர் லின் ஃபெங்மியன், பிரான்சில் படித்துத் திரும்பிய ஓவியர். 1948இல் ஸாவ் கப்பலேறி மார்செய் வழியாகப் பாரிஸ் வந்தார். 1964இல் பிரெஞ்சுக் குடியுரிமை. 2013இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். அறுபது வருடத்துக்கு மேல் பிரெஞ்சு வாழ்க்கை, அதற்கு முன் இருபத்தெட்டு வருடச் சீன வாழ்க்கை.

ஆக, சீன மை ஓவியத்தைக் கையோடு கொண்டுவந்தார், பாரிஸில் ஆயில் வண்ணத்தில் கலந்தார், உலகம் கைதட்டியது. கதை இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 3, பத்து நிமிடம் கழித்து

'வூ-கி' என்றால் எல்லையற்றது என்று பொருள். பெயரிலேயே விளம்பரம் இருக்கிறது, பாவம் அவர் என்ன செய்வார்.

மார்ச் 5

மார்ச் 3 குறிப்பின் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். முழுத் தப்பு.

அவர் மையைக் கையோடு கொண்டுவரவில்லை. மையை விட்டு ஓடிவந்தவர். ஹாங்சோவில் அவருக்குக் கசந்ததே மரபு ஓவிய வகுப்புதான். பழைய சுருள்களைப் பார்த்து அப்படியே படி எடுக்கச் சொல்வார்கள். அவருக்கு வேண்டியிருந்தது மத்தீஸ், பிக்காசோ, செசான் என்கிற ஐரோப்பிய நவீன ஓவியர்கள். அவர்களைப் பத்திரிகைகளிலும் அச்சுப் படங்களிலும் தேடித்தேடிப் பார்த்திருக்கிறார். பாரிஸ் வந்த பிறகும் பல வருடம் மை ஓவியம் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டார். சீனன் என்பதால் மை ஓவியம் போடுகிறான் என்று ஆகிவிடக்கூடாது என்பது அவருடைய பயம். 'சீனத்தனமான' அலங்காரப் பொருட்களுக்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டாகவே ஒரு சந்தை உண்டு. அந்த அலமாரியில் போய் உட்கார அவருக்கு விருப்பமில்லை.

இதை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஓவியம் படித்த நாட்களில் ஒரு வாத்தியார் என்னிடம், "உங்க மண்ணுல இருந்து எதையாவது எடுத்துப் போடுங்க, அப்பதான் வெளியில எடுபடும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் அன்றிலிருந்து என் மண்ணில் எதைப் பார்த்தாலும் அது எடுபடுமா எடுபடாதா என்ற கணக்கு மனதில் ஓடும். இன்னும் முழுசாகப் போகவில்லை. ஸாவின் ஓட்டம் எனக்குப் புரிகிறது.

மார்ச் 6

அப்படி ஓடியவருக்குச் சீன எழுத்து எப்படித் திரும்பி வந்தது?

1951இல் அவர் சுவிட்சர்லாந்தில் பால் க்ளேயின் படங்களைப் பார்க்கிறார். சின்னச் சின்னக் குறிகள், மரமா எழுத்தா என்று சொல்ல முடியாத கீறல்கள், தூசு படிந்தது போன்ற நிறங்கள். ஸாவ் அப்படியே கவிழ்ந்துவிட்டார். அடுத்த இரண்டு மூன்று வருடப் படங்களில் க்ளேயின் வாசனை அவ்வளவு தூக்கலாக அடிக்கிறது. க்ளேயின் நகல் என்ற பெயர் நிலைத்துவிடுமோ என்று அவருக்கே கவலை வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், க்ளே சீனக் கவிதைகளை மொழிபெயர்ப்பில் வாசித்தவர். 1916இல் அந்த வரிகளையே எழுத்தெழுத்தாக நிறக் கட்டங்களுக்குள் வைத்துப் படம் ஆக்கியவர். ஆக, சீனாக்காரர் ஒருவர் ஐரோப்பியரிடம் போய்க் கற்றுக்கொள்கிறார். அந்த ஐரோப்பியரின் பெட்டிக்குள் சீனச் சரக்கும் கொஞ்சம் கிடக்கிறது. இதில் எந்த இடத்தில் விரல் வைப்பது? கேள்வி கேட்டவர் உதவ வேண்டும்.

மார்ச் 9

க்ளேயிடமிருந்து தப்பிக்க அவர் பிடித்த வழி ஆரக்கிள் எலும்பு எழுத்து. ஷாங் வம்சக் காலத்தில், மூவாயிரம் வருடங்களுக்கு முன், ஆமை ஓட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் குறி கேட்பதற்காகக் கீறிய எழுத்து. 1954 வாக்கில் அந்த மாதிரிக் கீறல்கள் அவர் கித்தான்களில் மிதக்க ஆரம்பித்தன. மரம், படகு, ஆள் எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்து கீறல்கள் மட்டும் மிஞ்சின.

அந்த வருடத்துப் படம் ஒன்றைப் பல வருடங்களுக்கு முன் பாரிஸில், பாம்பிடூ மையத்தின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். பெயர் 'காற்று'. இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம், ஒரு மீட்டர்கூட இல்லாத அகலம். புகை பிடித்த சுவர் போன்ற தரையில் எழுத்துப் போலக் கீறல்கள் பறக்கின்றன. நான் அதன் முன் நின்று அது என்ன எழுத்து, என்ன சொல்கிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். சீன மொழி தெரியாத குறை என்று என்னையே நொந்துகொண்டேன். ஊர் திரும்பியதும் சீனாவில் பிறந்த சக ஊழியர் ஒருவரிடம் படத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார், கடைசியில் சிரித்துவிட்டார். "இது எழுத்தே இல்லை. எழுத்தாக இருக்க ஆசைப்படுகிறது, அவ்வளவுதான்."

சரி, வாசிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அந்தப் படம் ஒரே தூரத்தில்தான் நிற்கிறது. எனக்கு இருந்த குறை அப்படியே இறங்கிவிட்டது.

(சென்னையில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையும் இப்படித்தான் வாசிக்க விடாமல் வைத்திருக்கும். அவர் இவரைப் பார்த்துச் செய்தார் என்று சொல்ல வரவில்லை. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

மார்ச் 9, இரவு

மேலே உயரம் அகலம் சொன்னேனே, எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. ஒல்லியாக, உயரமாக, இரண்டுக்கு ஒன்று. சீனச் சுவர்த்தொங்கல் ஓவியத்தின் அளவு அது! எழுத்தில் விரல் வைக்கப் பார்த்துவிட்டுச் சட்டத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

மார்ச் 13

ஒரு வாசகர் தனியே கேட்டிருந்தார்: "மைக்கும் ஆயிலுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? இரண்டுமே நிறம்தானே?"

இரண்டையும் கையில் எடுத்தவன் என்பதால் இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் வண்ணம் உலர்வது தண்ணீர் ஆவியாகிற மாதிரி இல்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை வாங்கி மெதுவாக இறுகுகிறது. நாள் கணக்கில், கெட்டியாகப் பூசினால் வாரக் கணக்கில். அதுவரை உங்களுக்கு மனம் மாறலாம். சுரண்டலாம், துணியால் துடைக்கலாம், மேலே இன்னொன்றைப் போட்டு மறைக்கலாம். டர்பன்டைன் ஊற்றி நீர்க்கச் செய்து ஓடவும் விடலாம். பிழைக்கு மன்னிப்புக் கிடைக்கிற ஊடகம்.

சீனத் தாளில் மை வேறு ஜாதி. நல்ல ஷுவான் தாள், நீலச் சந்தன மரம் என்று பெயர் பெற்ற ஒரு மரத்தின் பட்டையையும் வைக்கோலையும் கூழாக்கிச் செய்வது. தூரிகை பட்ட கணமே மையை உறிஞ்சும். ஒரு நொடி தயங்கினால் அந்தத் தயக்கம் ஒரு பொட்டாகப் பரவி நின்றுவிடும். திருத்தப் போனால் திருத்தியது தெரியும். முதல் மாதம் நான் போட்ட ஒவ்வொரு தாளிலும் என் சந்தேகம்தான் வரையப்பட்டிருந்தது.

அதைவிடக் கஷ்டம், வெள்ளை. ஆயிலில் வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளை பூசவேண்டும். மையில் வெள்ளை என்பது நீங்கள் தொடாத தாள். தொடாமல் விட்ட இடம் பனிமூட்டமாகும், ஆறாகும், வானமாகும். சீனாக்காரர்கள் அதற்கு 'வெண்மையை விட்டுவைத்தல்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். ஆயிலில் பழகிய கை சும்மா இருக்காது, நிரப்பத் துடிக்கும். என் தாள்களில் பனிமூட்டம் வரவே வராது. எல்லாம் வெயில் காலம்.

இப்போது ஸாவின் அறுபதுகளின் கித்தான்களைப் பாருங்கள். ஓரங்களில் வண்ணம் மெல்லியதாக, மை பரவியது போலக் கசிந்து கிடக்கும். நடுவில் கறுப்பும் வெள்ளையும் முட்டி மோதும். அந்த ஓரத்து வெறுமையைச் சும்மா விட்டதாகத்தான் முதலில் நினைத்தேன். கிட்டே போனால் அடுக்கடுக்காகப் பூசி, துடைத்து, மறுபடி பூசிச் செய்த வெறுமை. தாளில் ஒன்றும் செய்யாமல் கிடைப்பதை ஆயிலில் இவ்வளவு உழைத்து வாங்க வேண்டியிருக்கிறது. இதைக் கலவை என்று எப்படிச் சொல்வது? கலவை என்றால் இரண்டும் கைவசம் இருக்கவேண்டும். இவர் ஒன்றை விட்டுவிட்டு, அதை இன்னொன்றின் பொருளால் திரும்பக் கட்டுகிறார்.

மார்ச் 14

நேற்று எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். "அப்போ வெறுமையாவே விட்டுட்டுப் போயிருக்கலாமே, செலவு மிச்சம்" என்று பதில் வந்தது.

மார்ச் 15

ஒரு சேர்க்கை. 1957இல் முதல் மனைவி பிரிந்து போன பிறகு ஸாவ் அமெரிக்கா போகிறார், ஃப்ரான்ஸ் க்ளைன் போன்ற அந்த ஊர் அரூப ஓவியர்களைச் சந்திக்கிறார். க்ளைனின் பெரிய கறுப்புக் கோடுகளைப் பார்த்தவர்கள் எல்லாம் கிழக்காசிய எழுத்து மாதிரி இருக்கிறது என்றார்கள். க்ளைன் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. எழுத்து என்றால் கறுப்பை மட்டும் எழுதினால் போதும், நான் வெள்ளையையும் பூசுகிறேன் என்பது அவர் வாதம். மார்ச் 13இல் நான் சொன்ன வெள்ளைக் கணக்கு அப்படியே இருக்கிறது, பாருங்கள்.

அங்கிருந்து திரும்பிய பிறகு ஸாவின் கித்தான்கள் பெரிதாகின்றன, கீறல்கள் சின்னதாக இல்லாமல் முழுக்கையின் வீச்சாகின்றன. இது அமெரிக்கப் பாதிப்பு என்று சொல்வார்கள். தாத்தா சொல்லிக்கொடுத்த தூரிகை எழுத்தும் தோளிலிருந்துதான் வரும், விரலிலிருந்து இல்லை. நான் எந்தப் பக்கமும் சாய மாட்டேன்.

மார்ச் 20

விலை பற்றிக் கேட்கிறார்கள். சரி, இதையும் முடித்துவிடுவோம். 'ஜூன்-அக்டோபர் 1985' என்ற மூன்று பலகை ஓவியம், பத்து மீட்டர் அகலம், 2018இல் ஹாங்காங் ஏலத்தில் 51 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய் சிங்கப்பூரில் ஒரு கட்டடத்துக்காகக் கேட்டு, ஸாவ் வரைந்து கொடுத்தது. விலையைப் பார்த்து நான் சொல்ல எதுவும் இல்லை.

மூன்று பலகை என்பதில்தான் எனக்கு ஆர்வம். ஐரோப்பியத் தேவாலயத்துப் பலிபீட ஓவியங்கள் மூன்று பலகையாக வரும், நடுவில் முக்கியமானது, இரண்டு பக்கமும் துணை. சீனக் கைச்சுருள் அப்படி இல்லை, ஒரு ஓரத்திலிருந்து விரித்துக்கொண்டே போகவேண்டும், நடு என்று ஒன்று கிடையாது. ஸாவின் பெரிய மூன்று பலகைப் படங்கள் முன்னால் கண் முதலில் நடுவுக்குத்தான் போகிறது, அப்புறம் அங்கே நிற்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 21

இன்று தலைப்புகள்.

'காற்று' என்று பெயர் வைத்தவர், ஐம்பதுகளின் கடைசியில் பெயர் வைப்பதையே விட்டுவிட்டார். அதற்கு அப்புறம் பெரும்பாலும் படத்தை முடித்த தேதிதான் தலைப்பு. நாள், மாதம், வருடம், தீர்ந்தது. மளிகைக் கணக்கு மாதிரி இருக்கிறதே என்று முன்பெல்லாம் எரிச்சல் வரும்.

இரண்டு நாளாக இன்னொன்று தோன்றிக்கொண்டிருக்கிறது. நம் அகப்பாட்டில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கடற்கரையும் சாயும் வெயிலும் வந்துவிட்டால் போதும், இரங்கல் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஆளின் பெயரும் சொல்லக்கூடாது. ஸாவ் நிலத்தைக் கித்தானில் கரைத்துவிட்டுப் பொழுதை மட்டும் தலைப்பில் வைத்துவிட்டார். இது மலை, இது அலை என்று காட்ட முடியாது, ஆனாலும் எதிரே நிற்பது ஏதோ ஒரு நிலம் என்று உடம்புக்குத் தெரிகிறது. சொல்லாமல் விட்டது உரிப்பொருள்.

மார்ச் 21, மதியம்

நம் சட்டையை அவருக்குப் போட்டு, பொருந்துகிறதே என்று மகிழ்கிறேனோ? அவருக்குத் திணையும் தெரியாது துறையும் தெரியாது. அவர் கையில் இருந்த மரபு, சீனாவில் சோங் வம்சக் காலத்து நிலக்காட்சி ஓவியம். மி ஃபூ போன்ற அக்கால ஓவியர்கள் மழை மலையை ஈரப் புள்ளிகளாலேயே எழுப்பியது. அதே காலத்து ஓவியர் குவோ ஷி மூன்று வகைத் தூரங்களைச் சொன்னது: கீழிருந்து உச்சியைப் பார்ப்பது, முன்மலை வழியே உள்ளே ஆழமாகப் பார்ப்பது, சமதளத்தில் தொலைவைப் பார்ப்பது. மூன்றும் ஒரே படத்தில் இருக்கலாம். ஐரோப்பிய முறையில் எல்லாக் கோடும் போய்ச் சேருகிற புள்ளி ஒன்று வேண்டும், பார்ப்பவர் அதற்கு எதிரே ஓரிடத்தில் நிற்கவேண்டும். ஸாவின் படத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் நடக்கிறோமே, அதற்குக் காரணம் அது.

திணைக் குறிப்பை அழிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 4

சில நாள் இந்தப் பக்கம் வரவில்லை. மார்ச் 13இல் மையை விட்டவர் என்று எழுதி அங்கேயே நிறுத்தியது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் மைக்குத் திரும்பிய கதையைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

இரண்டாவது மனைவி மே. ஹாங்காங்கில் 1958இல் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர், சிற்பம் செய்தவர். மனநோய் அவரை வருடக் கணக்கில் வாட்டியது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஸாவால் பெரிய கித்தான் முன் நிற்க முடியாமல் போயிற்று. ஆயில் வண்ணம் மணிக்கணக்கான நேரம் கேட்கும், தெம்பு கேட்கும், வீட்டில் இரண்டும் இல்லை. அப்போது கவிஞர் ஆன்ரி மிஷோ, இருபது வருட நண்பர், மையை எடுத்துப் பார் என்று தூண்டினார். மிஷோவும் மையில் வரைகிறவர்தான். பெல்ஜியத்தில் பிறந்த பிரெஞ்சுக் கவிஞர் ஒருவர் சீன ஓவியரிடம் சீன மையை எடுக்கச் சொல்கிறார். 1971இல் எடுத்தார்.

1972இல் மே இறந்தார். அதே வருடம் ஸாவ் 1948க்குப் பிறகு முதல் முறையாகச் சீனா போனார், குடும்பத்தைப் பார்க்க. திரும்பி வந்து ஐந்து மீட்டருக்கு மேல் அகலமான ஒரு ஆயில் ஓவியம் வரைந்தார். அதற்குத் தேதியோடு பெயரும் உண்டு: மே நினைவாக. பிரான்சுக்கே கொடுத்துவிட்டார்.

எழுபதுகளின் மை ஓவியங்களில் நிறைய வெள்ளைத் தாள் இருக்கிறது. முதலில் பார்த்தபோது சோர்வு என்று நினைத்தேன், ஆயிலுக்குத் தெம்பில்லாத ஆள் போட்டது என்று. இப்போது அப்படிப் படவில்லை. இருபது வருடமாகக் கித்தானில் பூசிப் பூசி வெறுமை செய்தவருக்குத் தாளில் அது சும்மா கிடைக்கிறது. மரபில் பழகிய கை வைக்காத இடத்தில் மை குவிந்திருக்கும், மலைக்கும் நீருக்குமான பழைய கணக்கு எதுவும் அதில் நடக்காது. சீனாவிலேயே இருந்து சுருள்களைப் படி எடுத்துக்கொண்டிருந்தால் அவருக்கு இந்த மை வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த ஆயில் படங்களும் மாறின. அறுபதுகளின் முட்டல் மோதல் தளர்ந்தது. நடுப்பகுதி திறந்துகொண்டது.

ஏப்ரல் 5

"அப்படியானால் கடைசியில் கிழக்குதான் ஜெயித்தது என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இல்லவே இல்லை. 1986இல் மத்தீஸுக்கு வணக்கம் சொல்லி ஒரு படம் போட்டார். 1914இல் மத்தீஸ் வரைந்த ஒரு சன்னல்கதவு, நடுவில் வெறும் கறுப்பு, அதை எடுத்துக்கொண்டு போட்டது. 1991இல் மோனேவுக்கு ஒரு மூன்று பலகைப் படம். செசானைப் பற்றியோ கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், சீன இயற்கையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான் என்று. எந்தப் பக்கமாவது ஜெயித்த ஆள் பேசுகிற பேச்சா இது?

ஏப்ரல் 6

1985இல் அவரை ஹாங்சோவுக்குப் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள். அவர் படித்த அதே கல்லூரி, வயது 65. ஒரு மாதம் நடத்தினார். படி எடுக்கச் சொன்னதற்காகக் கசந்து போனவர் அதே இடத்தில் தூரிகையோடு நிற்கிறார். எனக்கு அந்த வகுப்பில் உட்கார ஆசை. கடைசி வரிசையில்.

ஏப்ரல் 7

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து ஒரே வரி போட்டிருக்கிறார்: "விரல் இன்னும் வைக்கவில்லை."

கையெழுத்தில் வைத்தேன். அப்புறம் சட்டத்தின் அளவில் வைத்தேன். இரண்டும் படத்தின் ஓரம்தான், ஒத்துக்கொள்கிறேன். நடுவில் வைக்கப் போனால் ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ ஏற்கெனவே விரல் வைத்திருக்கிறார்கள்: க்ளே, மிஷோ, தாத்தா.

ஷுவான் தாள் இன்னும் மூன்று மிச்சம் இருக்கிறது. ஞாயிறு வரட்டும்.